ஒரே கல்லின் கீழ் மூவர்

ஜோர்கன்சன் குடும்பம் ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஊர்ப் பூங்காவில் கூடும். கிளைக்கு ஒரு நிறமாக, கிளைக்காரர் பெயர் போட்டுப் பனியன் அச்சடித்துக் கொடுப்பார்கள். ராய்டன் கிளைக்கு நீலம். அவருடைய அக்காள் கிளைக்குப் பச்சை. செத்துப்போன அண்ணன் ஹைரமின் கிளைக்கு மஞ்சள். கூட்டத்தில் எப்போதும் மஞ்சள்தான் அதிகம். ஆறு பிள்ளைகள், மருமக்கள், அவர்களுடைய வாண்டுகள் என்று புல்வெளி முழுக்கக் கடுகு பூத்த மாதிரி இருக்கும். இதில் விசேஷம் என்னவென்றால், ஹைரம் ஜோர்கன்சன் கல்யாணமான மூன்றாம் மாதமே கொரியாவில் செத்துப்போனவன். அவனுடைய கிளையில் மூத்த பிள்ளை பிறந்தபோது அவன் மண்ணுக்குள் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

அந்த ஆறு பேருக்கும் உண்மையில் அப்பாவான டெல் ஸ்டாக், தாமும் ஒரு மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டு, பூங்கா மூலையில் அடுப்புக்கு முன்னால் நின்று வான்கோழி வாட்டிக்கொண்டிருப்பார். எலுமிச்சை சோடாவிலும் சோயா சாற்றிலும் முதல் நாளே ஊறவைத்த கறி. வருடத்தில் அந்த ஒரு நாள் ஜோர்கன்சன்கள் எல்லாரும் அவரைத் தேடி வருவார்கள், தட்டோடு.

புதிதாகக் கல்யாணமாகி வந்த மாப்பிள்ளை ஒருவன் ஒரு தடவை அவரிடம் கேட்டான்.

"நீங்க எந்தக் கிளைங்க?"

"நான் கிளை இல்ல தம்பி," என்றார் டெல், கறியைத் திருப்பிப் போட்டபடி. "எரு."

பக்கத்தில் உருளைக்கிழங்கு சாலட் கிளறிக்கொண்டிருந்த அவர் மனைவி லாரூ கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் ஒரு தட்டு தட்டினாள். டெல் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இந்த வாழ்க்கைக் குறிப்பு அவளைப் பற்றியது.

லாரூ எங்கள் சான்பீட் பள்ளத்தாக்கில் பிறந்து அதே பள்ளத்தாக்கில் செத்தவள். நடுவில் ஒரே ஒரு தடவை, வான்கோழி லாரியில் ஏறி லாஸ் ஏஞ்சலஸ் வரை போனாள். கடலைப் பார்த்துவிட்டு, "ரொம்பத் தண்ணி," என்று சொல்லித் திரும்பிவிட்டாள். சபையில் அவள் வகித்த பெரிய பதவி ஆர்கன் வாசிப்பது. பாட்டு அவளுக்குப் பிடிக்காததாக இருந்தால் வேகத்தைக் கூட்டிவிடுவாள். சபை மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடி வரும். பிரசங்கம் நீண்டுபோன ஞாயிறுகளில் கடைசிப் பாட்டு குதிரைப் பந்தயம் மாதிரி முடியும். புகார் சொன்னவர்கள் உண்டு. வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாததால் புகார் எடுபடவில்லை.

பத்தொன்பது வயதில் ஹைரமை மணந்தாள். குன்றின் மேல் வெள்ளைக் கல்லில் நிற்கிற ஆலயத்தில் கல்யாணம். அங்கே நடக்கும் கல்யாணத்துக்குச் சாகும்வரை என்கிற எல்லை கிடையாது. முத்திரையிட்டால் நித்தியத்துக்கும் முத்திரைதான். புருஷன் செத்தாலும் முத்திரை சாகாது. அதற்குப் பின் அந்தப் பெண் பெறுகிற பிள்ளைகளும் அந்த முத்திரைக்குள்தான் பிறக்கிறார்கள், யாருக்குப் பெற்றாலும். குடும்பம் என்பது நம்மைப் பொறுத்தவரை செத்தபிறகும் கலையாத ஒன்று. அதுதான் நம் மதத்தின் பெரிய ஆறுதல். பெரிய தொல்லையும் அதுதான்.

ஹைரமின் உடல் மறு வசந்தத்தில் கப்பலேறி வந்தது. அவனுடைய அம்மா தோரா ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடுத்தடுத்து இடம் வாங்கினாள். நல்ல கருங்கல்லில் ஒரே கல்லாக இருவருக்கும் வெட்டினாள். இடப்பக்கம் ஹைரமின் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். வலப்பக்கம் லாரூவின் பெயர், பிறந்த வருடம், ஒரு சிறு கோடு, அப்புறம் வெறும் கல். அவன் பக்கத்து இடத்தை மருமகள் பெயருக்கே ஊர் அலுவலகத்தில் எழுதிவைத்தாள், கைவிட்டுப் போய்விடக் கூடாதென்று. இருபது வயதில் தன் பெயரைக் கல்லறையில் படித்துவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வந்தவள் லாரூ.

இரண்டு வருடம் கழித்து டெல் வந்தார். மலைக்கு அந்தப் பக்கம் நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரர். வான்கோழிப் பண்ணையில் வேலைக்கு வந்து, பிறகு சொந்தப் பண்ணை போட்டார். ஆர்கன் வாசிப்பின் வேகத்தைக் கேட்டுத்தான் அந்தப் பெண்மேல் தனக்கு மனசு போனது என்பார். கல்யாணம் அப்போதைய பிஷப்பின் வீட்டு முன்னறையில் நடந்தது. நம் சபையில் பிஷப் என்றால் சொந்தத் தொழிலைப் பார்த்துக்கொண்டே சில வருடம் சபையையும் பார்த்துக்கொள்ளும் ஊர்க்காரர்தான். "இந்த வாழ்நாளுக்கு மட்டும்" என்று சொல்லிச் சேர்த்து வைத்தார்கள். பிஷப்பின் மனைவி கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி வைத்தாள்.

இரண்டாவது பிள்ளை பிறந்ததும் லாரூ பழைய முத்திரையை ரத்து செய்யக் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தாள். யோசித்தது எப்படியோ தோராவின் காதுக்குப் போய்விட்டது. தோரா வந்து சமையலறையில் உட்கார்ந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஏன்டி லாரூ, உனக்குப் புருஷன் இருக்கான், வீடு இருக்கு, புள்ளைங்க இருக்கு. என் புள்ளைக்கு என்ன இருக்கு சொல்லு? நீ ஒருத்திதான். அதையும் பிடுங்கிட்டா அவன் அங்க யாரோட இருப்பான்?"

ரத்து செய்யமாட்டேன் என்று லாரூ வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கைக் கடைசிவரை மீறவில்லை. இதை இங்கே சொல்லக் காரணம், பின்னாளில் அவளை வாக்குத் தவறியவள் என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

சாயங்காலம் பண்ணையிலிருந்து வந்த டெல்லிடம் சொன்னாள். டெல் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"உயிரோட இருக்கற வரைக்கும் நீ என் பொண்டாட்டிதானே?"

"ஆமா."

"அப்ப நான் நிறைய நாள் உயிரோட இருந்துடறேன்."

சொன்னபடி இருந்தார்.

தோரா செத்த வருடம், குடும்பப் பொறுப்பு கடைசி மகன் ராய்டனிடம் வந்தது. ராய்டன் நல்ல மனிதர். பிஷப்பாக இருந்தவர், ஆலயத்தில் வாரம் தவறாமல் ஊழியம் செய்தவர். செத்தவர்களுக்கு நல்லது செய்வதில் அவருக்கு இருந்த உற்சாகம் உயிரோடிருப்பவர்களைக் கலங்கடிக்கும். அண்ணனுக்கு ஒரு மரியாதை செய்யவேண்டும் என்று தோன்றியது அவருக்கு. நம் ஊர்க் கல்லறைக் கற்களின் பின்புறத்தில் பிள்ளைகளின் பெயர்களை வெட்டுவது வழக்கம். ராய்டன் கல்தச்சரைக் கூப்பிட்டு, ஹைரமின் கல்லுக்குப் பின்னால் ஆறு பெயர்களை வெட்டச் சொல்லிவிட்டார். ஆறும் டெல்லின் பிள்ளைகள். யாரையும் கேட்கவில்லை. நினைவு நாளன்று எல்லாரும் பூவோடு வரும்போது பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டார்.

நினைவு நாளில் பூவைத் தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி வைப்போம். மத விதிப்படி காபியே குடிக்கக்கூடாத எங்கள் ஊரில் அந்த டப்பாக்கள் எல்லாமே காபி டப்பாக்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம். லாரூ பியோனிப் பூக்களோடு வந்தாள். பின்னால் டெல், ஆறு பிள்ளைகள். ராய்டன் புன்னகையோடு கல்லைச் சுற்றிக் கூட்டிப்போனார்.

மூத்தவன் வெர்னல், அப்போது மீசை அரும்பும் வயது, தன் பெயரைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

டெல் குனிந்து எழுத்துகளை விரலால் தடவினார். "நல்லா ஆழமா வெட்டியிருக்காங்க," என்றார். "ரொம்ப நாள் நிக்கும்."

லாரூ டப்பாவைக் கல்லின் முன்புறம் வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்து வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மறு ஞாயிறு சபையில் எல்லாப் பாட்டும் ஒரே வேகத்தில் ஓடின.

அவள் அன்றே என்னவோ தீர்மானித்துவிட்டாள் என்பது என் ஊகம். நான் பக்கத்துக் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவன். சரித்திரக்காரன் ஊகத்தை ஊகம் என்று சொல்லவேண்டும். தெரிந்த விஷயம் இதுதான்: முப்பது வருடம் கழித்து, டெல்லின் நுரையீரல் பண்ணைத் தூசியால் நிரம்பி, கட்டிலை முன்னறையில் போட்டுப் படுக்கவைத்தபோது, அவள் சடாரென்று முடிவை எடுத்து வைத்தாள். ரொம்ப நாளாக இழுப்பறையில் இருந்த பொருளை எடுத்துக் காட்டுவது போல.

மாதம் ஒரு தடவை அவர்கள் வீட்டுக்குப் போய் நலம் விசாரித்து ஜெபம் செய்துவிட்டு வரச் சபை என்னை நியமித்திருந்தது. அன்று நான் போனபோது கணவனும் மனைவியும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"என்னை எங்க அப்பா அம்மா பக்கத்துல கொண்டுபோய் வச்சிடு லாரூ. மலைக்கு அந்தப் பக்கம். யாருக்கும் இடைஞ்சல் இல்ல."

"எனக்கு இடைஞ்சல்."

"நீ இங்க ஹைரம் பக்கத்துலதானே வருவே? தோராகிட்ட சொல்லியிருக்கே."

"சொன்னேன். வருவேன். நீயும் வருவே."

"எங்க வர்றது? அந்தப் பக்கம் ஹைரம். இந்தப் பக்கம் ராய்டனோட மொத சம்சாரம் எல்வா. நடுவுல உன் இடம் ஒண்ணுதான்."

"ஒண்ணு போதும்," என்றாள் லாரூ. "ஆர்லோகிட்ட பேசிட்டேன்." ஆர்லோ கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவன், குழி வெட்டுபவன். "ரெண்டு பெட்டி ஆழத்துக்கு வெட்டுவான். கீழ நீ. மேல நான். ஊர் விதியில இடம் இருக்கு. அந்தக் குழி இடம் என் பேர்ல இருக்கு."

டெல் என்னைப் பார்த்தார். "வாத்தியாரே, அவ்வளவு ஆழம் போனா அங்க தண்ணி வராது?"

கல்லூரியில் கற்றுக் கொடுக்காத பாடம் என்று சொல்லித் தப்பித்தேன்.

ஆர்லோ ரகசியம் காக்கத் தெரிந்தவன் அல்ல. குழி வெட்டுபவனுக்குப் பேச்சுத்துணை குறைவு. கிடைத்த இடத்தில் கொட்டிவிடுவான். நான் ஜெபத்துக்குத் தலை குனியும் முன்பே வாசலில் ராய்டனின் கார் வந்து நின்றது. கையில் வாழைப்பழ ரொட்டி. அவருடைய இரண்டாவது மனைவி கார்லீன் சுட்டது. எங்கள் ஊரில் சண்டைக்குக்கூட யாரும் வெறுங்கையோடு போவதில்லை.

"அண்ணி, ஆர்லோ சொன்னது நிஜமா?"

ஐம்பது வருடமாக லாரூவை அவர் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. டெல்லின் வீட்டில், டெல்லின் முன்னால், அவளை அண்ணி என்பார்.

"ஆர்லோ என்ன சொன்னான்?"

"டெல்லை அண்ணன் பக்கத்துல..." ராய்டன் கட்டிலைப் பார்த்துத் தயங்கினார். "டெல், நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"கோவத்துக்கு எங்க போறது ராய்டன். மூச்சுக்கே பத்தல."

"அண்ணி, யோசிச்சுப் பாருங்க. உயிர்த்தெழற காலையில ஹைரம் கண்ணு முழிப்பான். கிழக்கே பார்ப்பான். அப்புறம் தன் பொண்டாட்டியத் தேடிப் பக்கத்துல திரும்புவான். அங்க யாரு இருக்கா? ஒரு வான்கோழிப் பண்ணைக்காரர்!"

"இருக்கட்டும். பார்த்து நன்றி சொல்லட்டும்."

"நன்றியா?"

"ஆறும் ஹைரம் புள்ளைங்கன்னு கல்லுல வெட்டி வச்சது யாரு? நான் வெட்டினேனா? நீ வெட்டினே. சரி, அவன் புள்ளைங்கன்னே வச்சுக்கோ. அந்த ஆறுக்கும் சோறு போட்டது யாரு? சுரம் வந்தப்ப தோள்ல போட்டுத் தூக்கிட்டுத் திரிஞ்சது யாரு? உங்கண்ணன் புள்ளைங்களை வளர்த்து ஆளாக்கிக் குடுத்த மனுஷன் அவன் பக்கத்துல படுத்தா உங்கண்ணனுக்கு என்ன கேவலம்?"

ராய்டன் ரொட்டியை மேசையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"அதெல்லாம் மேல போனா சரியாயிடும் அண்ணி. கடவுள் பார்த்துப்பார்."

"கடவுள் பார்த்துப்பார்னா குழியையும் அவரே பார்த்துக்கட்டும். நீ எதுக்கு ரொட்டி தூக்கிட்டு வந்தே?"

"டெல்லை அப்படியே விட்டுடுவாங்கன்னு நான் சொல்லல. எல்லாரும் எழுந்தப்புறம் வர்ற ஆயிரமாண்டு அரசுல அவருக்கும் நம்ம சபைச் சகோதரி ஒருத்தங்க சம்சாரமா அமைவாங்க. எங்க எர்மா சித்தியே கல்யாணம் ஆகாம போய்ச் சேர்ந்தவங்கதான்..."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டெல் இருமுகிறார் என்று நான் எழுந்தேன். சிரிப்பு.

"எர்மாவா? வான்கோழின்னாலே அவங்களுக்குத் தும்மல் வருமே!"

"அங்க தும்மல் இருக்காது," என்றார் ராய்டன், ரொம்பப் பொறுப்பாக.

லாரூ ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, நீ எங்க படுக்கப் போறே?"

"என் இடத்துல."

"ஒரு பக்கம் யாரு?"

"எல்வா."

"இன்னொரு பக்கம்?"

ராய்டன் ரொட்டியை மேசையில் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"கார்லீனுக்கு வாங்கிப் போட்டிருக்கே. ரெண்டு பேரோடயும் ஆலயத்துல முத்திரை. நடுவுல நீ, ராஜா மாதிரி."

"ஆம்பளைக்கு அதுக்கு அனுமதி இருக்கு அண்ணி. உயிரோட இருக்கற பொம்பளைக்கு ஒருத்தரோடதான். அது நான் போட்ட விதி இல்ல."

"தெரியும். அதனாலதான் ஆலய வாசல்ல போய் நின்னு சண்டை போடல. அம்பது வருஷம் வாயத் திறக்கலியே. ஆனா கல்லறைத் தோட்டம் ஆலயம் இல்ல ராய்டன். அது ஊர் நிலம். அதுல ஒரு குழி அளவு எனக்குச் சொந்தம். உங்கம்மா குடுத்தது."

ராய்டனுக்கு முகம் மாறியது. இவ்வளவு நேரம் பேசியது முன்னாள் பிஷப். இப்போது பேசியது வேறு யாரோ.

"அண்ணனைப் போருக்கு பஸ் ஏத்திவிடப் போனப்ப பையை நான்தான் தூக்கிட்டுப் போனேன். பெரிய பை, தூக்கவே முடியல. 'லாரூவைப் பார்த்துக்கோடா'ன்னான். வேற ஒண்ணும் சொல்லல. நான் பார்த்துக்கிட்டேன் இல்ல? அவன் புள்ளைங்கன்னு, அவன் கிளைன்னு, எல்லாம்... இல்லைன்னா அவனுக்கு என்ன இருக்கு? கல்லுல ஒரு பேரு, பொறந்த வருஷம், செத்த வருஷம். நீங்களும் கையை விட்டுட்டா அவன் தனி ஆளு அண்ணி."

நான் லாரூவைப் பார்த்தேன். இந்த இடத்தில்தான் தோராவின் முன் அவள் தோற்றாள்.

"நான் எங்கடா போறேன்?" என்றாள். குரல் தணிந்திருந்தது, சொன்னது தணியவில்லை. "அங்கதான் வரேன். அவன் பக்கத்துலதான். கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன். உங்கண்ணன் தனியா இருக்கக் கூடாதுன்னுதானே உங்களுக்கெல்லாம் கவலை? இனி ரெண்டு பேர் துணை."

ராய்டன் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். "அடக்கத்துக்கு ஜோர்கன்சன் யாரும் வரமாட்டோம்," என்றார். "அதை மட்டும் சொல்லிடறேன்."

கார் கிளம்பிப் போன சத்தம் அடங்கியதும் டெல் கண்ணைத் திறந்தார்.

"லாரூ, அந்த ரொட்டியை வெட்டு."

ராய்டன் பிஷப்பிடம் முறையிட்டார். பிஷப் ரீஸ் முப்பத்தைந்து வயது, நெடுஞ்சாலையில் டயர் கடை. லாரூவின் ஆர்கனுக்குப் பின்னால் மூச்சு வாங்கி வளர்ந்தவர். அவளைச் சபை அலுவலகத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவள் அலுவலகத்துக்குப் போகவில்லை; பண்ணை லாரியை ஓட்டிக்கொண்டு டயர் கடைக்கே போய்விட்டாள். நான் அங்கே பஞ்சர் ஒட்டக் காத்திருந்ததால் கேட்க நேர்ந்தது.

"முன் டயர் ரெண்டும் மாத்தணும் பிஷப். மாத்தற நேரத்துல என்னைத் திட்டறதா இருந்தா திட்டி முடிச்சிடுங்க."

"திட்ட இல்ல சிஸ்டர்." பிஷப் கையைத் துணியில் துடைத்தார். "சபைக் கையேட்டைப் புரட்டிப் பார்த்தேன். முத்திரையைப் பத்தி நிறைய இருக்கு. குழி ஆழத்தைப் பத்தி ஒண்ணும் இல்ல."

"அப்ப நான் எதையும் மீறல."

"மீறல. ஆனா சமாதானம்னு ஒண்ணு இருக்கே."

"சமாதானத்துக்காகத்தான் ஆழமா வெட்டச் சொல்றேன். பக்கத்துலதான் வேணும்னு நின்னிருந்தா எல்வாவைத் தள்ளிப் படுக்கச் சொல்லணும்."

பிஷப் சிரிப்பை அடக்க ஜாக்கியைத் தேடிப் போனார். திரும்பி வந்து கேட்டார்: "டெல் என்ன சொல்றார்?"

"டெல் இத்தனை வருஷமா ஒண்ணும் சொல்லல. அடுத்தவன் பேரு எழுதின பனியனைப் போட்டுக்கிட்டு அடுத்தவன் வீட்டாளுங்களுக்குக் கறி வாட்டினார். வாரம் ஒரு தடவை சபையில உக்காந்து, குடும்பம் நித்தியம்னு நீங்க எல்லாரும் பாடறதைக் கேட்டார். நான்தான் வாசிச்சேன், எனக்குத் தெரியும். அந்தப் பாட்டுக்கு மட்டும் வாயத் திறக்கமாட்டார். அவர் சொல்லாததைத்தான் நான் சொல்றேன். நித்தியம்னு சொல்லிக் குடுத்தது நீங்க. நான் நம்பிட்டேன். இப்ப நம்பினதுக்காக என்னை உக்காத்தி வச்சுப் பேசறீங்க."

பிஷப் டயரை மாற்றினார். நன்றாகவே மாற்றினார்.

நாடு முழுக்க வீட்டுக்கு வீடு வான்கோழி சமைக்கிற நன்றி நாளுக்கு முந்தின வாரம் டெல் செத்தார். பள்ளத்தாக்கின் வான்கோழிகள் எல்லாம் சந்தைக்குப் போய் முடித்திருந்த வாரம். ஒரு வான்கோழிப் பண்ணைக்காரர் இறப்பதற்கு அதைவிட நாகரிகமான சமயம் கிடையாது. சபையின் பெண்கள் பாலாடைக்கட்டியும் மேலே மொறுமொறுவென்று சோள அவலும் போட்டு உருளைக்கிழங்கு சுட்டார்கள். சாவு வீட்டுச் சாப்பாடு எங்களுக்கு அதுதான். ஜோர்கன்சன் பெண்களிடமிருந்தும் இரண்டு தட்டுகள் வந்தன. ஆட்கள் வரவில்லை.

சபைக் கூடத்தில் டெல்லின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தது நான். கடைசிப் பாட்டை லாரூவே வாசித்தாள். விதவை வாசிக்கக் கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். குடும்பம் நித்தியம் என்கிற அந்தப் பாட்டுதான். மெதுவாக வாசித்தாள். அவள் மெதுவாக வாசித்து நாங்கள் கேட்டது அந்த ஒரு தடவைதான். பழக்கமில்லாததால் சபை இரண்டு இடத்தில் முந்திக்கொண்டு போய்விட்டது.

கல்லறைத் தோட்டத்தில் காற்று குளிர்ந்து வெட்டியது. ஆர்லோவின் குழி கிணறு மாதிரி இருந்தது. தண்ணீர் வரவில்லை. பெட்டியை இறக்கும்போது கயிறு போதாமல் இன்னொரு கயிற்றை முடிச்சுப் போட வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில்தான் நீலக் கோட்டுப் போட்ட ஓர் உருவம் வேலியோரமாக நடந்து வந்ததைப் பார்த்தேன். ராய்டன். தனியாக வந்திருந்தார். எங்களோடு சேரவில்லை. எல்வாவின் கல்லைத் தாண்டிப் போய், தனக்கென்று ஒதுக்கியிருந்த புல்லின் மேல் நின்றார். அது அவருடைய இடம். யாரும் கேட்க முடியாது.

குழியை ஆசீர்வதித்து ஜெபிப்பது மூத்த மகனின் வேலை. வெர்னல் தொப்பியைக் கழற்றினான்.

"பிதாவே, இந்த மண்ணை எங்கப்பாவுக்காக ஒப்புக்குடுக்கறோம். அவர் எழுந்திருக்கற காலை வரைக்கும் மழையும் வெள்ளமும் இதைத் தொடாம காப்பாத்துங்க. அவர் எழுந்திருக்கும்போது அவர் பொண்டாட்டியும் அவர் புள்ளைங்களும் அவரோட இருக்கணும்."

ஆமென் என்பதை எங்கள் ஊர் ஒரே வாயாகச் சொல்லும். அன்றும் சொன்னது. அதற்குப் பிறகு, கொஞ்சம் தள்ளி, ஓர் ஆமென் தனியாக வந்தது. ஒப்புக்கொண்டதா, வெறும் பழக்கமா என்று என்னால் சொல்ல முடியாது. ராய்டனாலும் முடிந்திருக்காது.

எல்லாரும் வண்டிகளை நோக்கித் திரும்பியபோது அவர் லாரூவிடம் வந்தார்.

"அண்ணி, குழி உங்களோடது. கல்லு எங்கம்மா வாங்கினது. அதுல டெல் பேரை வெட்ட நான் சம்மதிக்க மாட்டேன்."

"வெட்ட வேண்டாம்," என்றாள் லாரூ.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். அவள் குனிந்து, கல்லின் முன்னால் எப்போதும் இருக்கும் பூ டப்பாவைக் கையில் எடுத்தாள். ஹைரம் பெயரையும் தன் பெயரையும் தாண்டி, கல்லைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். ஆறு பெயர்களுக்குக் கீழே டப்பாவை அழுத்தி வைத்து, அசையாமல் இருக்க மண்ணை அணைத்தாள்.

"அவர் பேரை நீயே வெட்டி வச்சிருக்கே," என்றாள். "ஆறு தடவை."

அடுத்த ஆகஸ்டில் பனியன் அச்சடிக்கும் பொறுப்பை லாரூ கேட்டு வாங்கிக்கொண்டாள். நீலம் நீலமாக, பச்சை பச்சையாக வந்தது. மஞ்சள் பனியனின் முதுகில் மட்டும் ஒரு வான்கோழி இருந்தது, தோகையை விரித்துக்கொண்டு. புல்வெளி முழுக்க வான்கோழிகள் ஓடியதை ராய்டன் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார். வெர்னல் வாட்டிக்கொண்டிருந்தான். கறி கொஞ்சம் கருகியிருந்ததாக எல்லாரும் சொன்னார்கள். ராய்டன் இரண்டாம் தடவையும் வாங்கினார்.

லாரூ அதற்குப் பின் ஏழெட்டு வருடம் இருந்தாள். அவளுடைய கடைசிக் காலத்தில் நான் போய் உட்கார்ந்திருந்தபோது ஆர்கனைப் பற்றிப் பேசினோம். புதிதாக வாசிக்கும் பெண் பாட்டை இழுக்கிறாள் என்று அவளுக்குக் குறை. அவள் செத்த பிறகு பிள்ளைகள் ஆலயத்துக்குப் போய் அவளையும் டெல்லையும் முத்திரையிடப் போகிறார்கள் என்று சொன்னாள். எங்கள் விதியில் அதற்கு வழி இருக்கிறது: உயிரோடிருக்கும் பெண்ணுக்குக் கூடாதது, எல்லாரும் செத்தபின் கூடும். அப்படியே செய்தார்கள். ஆக இன்று ஏட்டின்படி அவளுக்கு இரண்டு கணவர்கள், ராய்டனுக்கு இரண்டு மனைவிகள். வரிசையில் சமநிலை வந்துவிட்டது.

அன்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கேட்டேன்.

"சிஸ்டர் ஸ்டாக், அந்தக் காலையில ஹைரமும் டெல்லும் ஒரே நேரத்துல எழுந்து நின்னா என்ன பண்ணுவீங்க?"

"எப்படி எழுந்திருப்பாங்க வாத்தியாரே?" என்றாள். "டெல்லுக்கு மேல நான் இருக்கேன். நான் நகராம அவர் வர முடியாது. ஹைரம் சின்னப் பையன், போர்ல செத்தவன், நல்லாத் தூங்குவான். நான்தான் மொதல்ல எழுந்திருப்பேன். மேல இருக்கறவர்கிட்ட பேச வேண்டியதைப் பேசி முடிச்சுட்டு, அப்புறம் இவங்க ரெண்டு பேரையும் எழுப்பிக்கறேன்."